உப்பு எங்கே இருக்கிறது? உலக விரைவு உணவுகளின் வழியே ஒரு பாடம்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய சில வாரங்களில் பல குடும்பங்களில் இப்படியொரு மாலைப்பொழுது வருகிறது. பேரனின் பிறந்த நாள். பிள்ளைகள் பீட்ஸா, நூடுல்ஸ், ஷவர்மா என்று கடையிலிருந்து வரவழைக்கிறார்கள். கூடத்தில் அனைவரும் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, இதய நோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய தாத்தாவுக்கு மட்டும் உப்பில்லாத கஞ்சி தனியே வைக்கப்படுகிறது. "எனக்கும் ஒரு வாய் கொடம்மா" என்கிறார் அவர். "உங்களுக்கு ஆகாதுப்பா" என்கிறாள் மகள். அவர் கஞ்சியையும் தொடாமல் எழுந்து போய்விடுகிறார். மகளுக்கும் அன்றிரவு உணவு இறங்குவதில்லை.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. மகளின் அச்சம் வீண் அச்சமன்று. தந்தையின் ஆசையும் குற்றமன்று. "எல்லாம் கூடாது" என்னும் ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு வழி தெரியாததே அங்குள்ள குறை. அந்த வழியைக் காட்டுவதே இப்பாடத்தின் நோக்கம். உலகின் சில நாடுகளில் மக்கள் விரும்பி உண்ணும் விரைவு உணவுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்போம். சில உணவுகளில் உப்பைப் பிரித்து ஒதுக்க முடியும், சிலவற்றில் முடியாது. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால், எதை விடுவது, எதைச் சிறிதளவு சுவைப்பது என்று முடிவு செய்வது எளிதாகும்.

உப்பு உடலில் செய்யும் வேலை

உப்பில் உள்ள சோடியம் நீரைப் பிடித்து வைக்கும் தன்மையுடையது. மிகுதியான சோடியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிட்டால் தொல்லையில்லை. சிறுநீரகமோ இதயமோ தளர்ந்திருக்கும்போது சோடியமும் அதனுடன் நீரும் உடலில் தங்கிவிடுகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது, கால்கள் வீங்குகின்றன, படுத்தால் மூச்சுத் திணறுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மூன்று நாள்களுக்குள் உடல் எடை இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், அது பெரும்பாலும் சதையன்று, நீர். அந்நிலையில் காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும்.

நலமுள்ள ஒரு பெரியவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு அது. உலக மக்கள் சராசரியாக உண்பதோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். நோயாளிகளுக்குரிய அளவை அவரவர் மருத்துவரே வரையறுப்பார். சிலருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருப்பதும் உண்டு. அவர்கள் தாமாக உப்பைக் குறைப்பது தீங்கு தரும். ஆகவே உங்களுக்கென எழுதிக் கொடுத்த அளவே உங்கள் அளவு.

ஜப்பான்: சாற்றில் இருக்கும் உப்பு

கொதிக்கும் சாற்றில் நூடுல்ஸை இட்டு உண்ணும் ராமென் ஜப்பானியரின் விருப்ப உணவு. இதை வெந்நீர் ஊற்றிய சில நிமிடங்களில் உண்ணத் தகுந்ததாக மாற்றியவர் மொமொஃபுகு ஆண்டோ. 1958இல் அவர் உருவாக்கிய உடனடி நூடுல்ஸும், 1971இல் வந்த கோப்பை நூடுல்ஸும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன.

இந்த உணவின் உயிர் அதன் சாறு. கடற்பாசியை வேகவைத்த சாற்றின் தனிச்சுவைக்குக் காரணமான பொருளை 1908இல் பேராசிரியர் கிகுனே இகெடா கண்டறிந்து, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். நாம் அஜினோமோட்டோ என்று அழைக்கும் பொருள் அவ்வாராய்ச்சியின் விளைவு. அதிலும் சோடியம் உண்டு. சமையல் உப்பில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கோப்பை நூடுல்ஸின் உப்பில் ஏறத்தாழ பாதி சாற்றில் கரைந்து நிற்கிறது. ஜப்பானில் விற்கும் பல கோப்பைகளில் நூடுல்ஸில் உள்ள உப்பையும் சாற்றில் உள்ள உப்பையும் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். சாற்றைக் குடிக்காமல் விட்டால் எவ்வளவு உப்பு குறையும் என்பதை உண்பவர் தாமே பார்த்துக்கொள்ளலாம். நீர் அருந்துவதிலும் அளவு விதிக்கப்பட்ட நோயாளிகளுக்கு இதில் இரட்டை நன்மை: உப்பும் குறைகிறது, நீரும் குறைகிறது.

நம் வீடுகளில் உடனடி நூடுல்ஸ் செய்வோர், உடன் வரும் மசாலாப் பொட்டலத்தில் கால் பங்கையோ பாதியையோ மட்டும் இட்டு, காய்கறிகளைக் கூட்டிச் சமைக்கலாம். நூடுல்ஸிலேயே கலந்துள்ள உப்பை நம்மால் நீக்க முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சோயா சாஸைப் பற்றியும் ஒரு சொல். 15 மில்லி கொள்ளும் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 2 கிராமுக்கும் கூடுதலான உப்பு இருக்கும். ஒரு நாளின் அளவில் பாதியை அக்கரண்டி ஒன்றே கொண்டுவிடுகிறது. நிறத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது: ஜப்பானிய வகைகளில் வெளிர் நிறச் சோயா சாஸில்தான் அடர் நிறத்ததைவிட உப்பு மிகுதி.

இங்கிலாந்து: மேலே தூவும் உப்பு

மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆங்கிலேயரின் பழம்பெரும் விரைவு உணவு. 1860களில் கடைகளில் விற்கத் தொடங்கிய இவ்வுணவு, பல பொருள்களுக்குப் பங்கீடு விதிக்கப்பட்ட இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் பங்கீட்டுக்கு உட்படாமல் மக்களுக்குக் கிடைத்து வந்தது.

அக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலத்தைக் கட்டும் முன் கடைக்காரர், "உப்பும் வினிகரும் போடலாமா?" என்று கேட்பார். அங்கே வறுவலுக்கு உப்பு கடைசியில், வாங்குபவரின் கண்முன்னே தூவப்படுகிறது. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அந்த உப்பு நீங்கிவிடும். வினிகரை மட்டும் கேட்டு வாங்கலாம். புளிப்பு இருந்தால் குறைந்த உப்பும் நாவுக்குக் கூடுதலாகத் தெரியும்.

நம் ஊர்க் கடையிலும் இதே வழியைக் கையாளலாம். வறுவலுக்கு உப்புத் தூவும் முன்னரே சொல்லிவிடுவது, வெட்டிய பழத்தின்மேல் உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம் என்பது, மோரில் உப்பிடாமல் தரக் கேட்பது ஆகியவற்றுக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

பீட்ஸா: பிரிக்க முடியாத உப்பு

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து ஏழை மக்களின் தெருவோர உணவாக இருந்த பீட்ஸா, அங்கிருந்து குடியேறியவர்களோடு அமெரிக்கா சென்று, பின் உலகெங்கும் பரவியது. இதில் பிசைந்த மாவில் உப்பு, தக்காளிக் குழம்பில் உப்பு, பாலாடைக்கட்டியில் உப்பு. மேலே ஆலிவ் காயோ பதப்படுத்திய இறைச்சியோ வைத்தால் அவற்றிலும் உப்பு. ஒன்றையும் கையால் எடுத்து ஒதுக்க முடியாது. பர்கருக்கும் இது பொருந்தும்.

ரொட்டி நாவுக்குக் கரிப்பதில்லை. ஆதலால் அதில் உப்பிருப்பதை நாம் உணர்வதில்லை. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுக்குப் பின், ரொட்டி உள்ளிட்ட ஆயத்த உணவுகளில் உப்பை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைக்குமாறு உற்பத்தியாளர்களை அரசு வலியுறுத்தியது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு 9.5 கிராமாக இருந்த மக்களின் சராசரி உப்பு நுகர்வு, 2011இல் 8.1 கிராமாகக் குறைந்தது. சிறிது சிறிதாகக் குறைத்தால் நாவும் உடன் பழகிக்கொள்கிறது. உப்பைக் குறைத்த முதல் வாரத்தில் சப்பென்று தோன்றும் உணவு, சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதங்களுக்குள் இயல்பாகிவிடும். "இனி வாழ்நாள் முழுதும் இப்படித்தானா?" என்று மனம் சோரும் நோயாளிகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பிரிக்க முடியாத உப்புள்ள உணவுக்கு அளவே மருந்து. மருத்துவர் இசைந்தால், எப்போதாவது ஒரு சிறு துண்டு. அன்றைய மற்ற இரு வேளைகளிலும் உப்பு மிகக் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் அன்று இலைக்கு வரக்கூடாது.

மேற்காசியாவும் மெக்சிகோவும்: உப்பின் துணையும் உப்பின் மாற்றும்

நிமிர்ந்த கம்பியில் இறைச்சியை அடுக்கி, தீயின் முன் சுழலவிட்டு, வெந்த பகுதியைச் சீவி ரொட்டியில் சுருட்டித் தருவது ஷவர்மா. இறைச்சியை ஊறவைக்கும் மசாலாவில் உப்பு உண்டு. அதைப் பிரிக்க இயலாது. உடன் வைக்கும் ஊறுகாய்க் காய்களையும், மேலே ஊற்றும் சாஸையும் பிரிக்கலாம். "ஊறுகாய் வேண்டாம், சாஸைத் தனியே கொடுங்கள்" என்று சொன்னால் போதும். எதிர்ப்புச்சக்தி குறைக்கும் மருந்து உண்போரும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும், பச்சை முட்டையில் செய்த மயோனைஸ், சரியாக வேகாத இறைச்சி ஆகியவற்றை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

இந்தச் சுழலும் கம்பி கடல் கடந்த கதையும் உண்டு. லெபனான் முதலிய நாடுகளிலிருந்து மெக்சிகோவில் குடியேறியவர்கள் அதை உடன் கொண்டு சென்றனர். அங்கே அது 'டாக்கோ அல் பாஸ்டோர்' என்னும் உணவாயிற்று. கோதுமை ரொட்டியின் இடத்தில் சோள ரொட்டி வந்தது. மரபான முறையில் அந்த மக்காச்சோள ரொட்டிக்கு உப்பு இடுவதில்லை. அதன் மேல் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லித்தழை, மிளகாய், பிழிந்த எலுமிச்சைச் சாறு. உப்பிடாத ரொட்டியை நாவுக்கு இனியதாக்குபவை இவையே. இவை நான்கும் நம் அடுப்படியில் அன்றாடம் இருப்பவை. மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் உப்பைக் குறைத்த குழம்பும் மணக்கும்.

மெக்சிகோ 2020 முதல், சோடியம் மிகுந்த பொட்டல உணவுகளின் முகப்பில் எண்கோண வடிவில் கருப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் பொட்டலங்களில் அத்தகைய முத்திரை இல்லாவிடினும், பின்புறத்தில் சோடியத்தின் அளவு இருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்வது நம் கையில் உள்ளது.

சிறுநீரக நோயாளிகளுக்கு ஓர் எச்சரிக்கை

'சோடியம் குறைந்த உப்பு' என்று கடைகளில் விற்பவற்றில் சோடியத்துக்கு மாற்றாகப் பொட்டாசியம் சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களின் உடலில் பொட்டாசியம் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மருந்துகளும் பொட்டாசியத்தைக் கூட்டுவன. ஆகவே மருத்துவரைக் கேளாமல் அந்த உப்பை வாங்க வேண்டாம். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்கள் தக்காளி, புளி, கீரை வகைகளின் அளவையும் உணவியல் வல்லுநரிடம் கேட்டறிய வேண்டும்.

வீட்டுப் பயிற்சி

1. வீட்டிலுள்ள ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தை எடுங்கள். 100 கிராமுக்குச் சோடியம் 1200 மில்லிகிராம் என்றும், பொட்டலம் 70 கிராம் என்றும் கொள்வோம். அப்பொட்டலத்தில் சோடியம் 840 மில்லிகிராம். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 2100 மில்லிகிராம், அதாவது 2.1 கிராம். உங்கள் பொட்டலத்துக்கு இக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2. நேற்று உண்டவற்றை மூன்று வரிசையாக எழுதுங்கள்: மேலே தூவிய உப்பு, சாற்றிலும் தொட்டுக்கொள்வதிலும் இருந்த உப்பு, உணவோடு கலந்துவிட்ட உப்பு. முதல் இரண்டு வரிசைகளிலிருந்து நாளை நீக்கக்கூடியது எது?

3. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அத்தாளைக் கொண்டுவாருங்கள். "எனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு?" என்று கேட்டு, விடையை அதன் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்பாடம் உப்பைப் பற்றியது மட்டுமே. விரைவு உணவுகளில் எண்ணெய், சர்க்கரை, மைதா ஆகியவையும் மிகுதி. அன்றாட உணவாக அவை எவருக்கும் ஏற்றவையல்ல.

தொடக்கத்தில் கண்ட பிறந்த நாளுக்கே திரும்புவோம். மகள் அன்று காலையிலேயே கணக்கிட்டிருந்தால், தந்தையின் காலை உணவையும் நண்பகல் உணவையும் உப்புக் குறைத்துச் சமைத்திருப்பாள். மாலையில் எல்லாரோடும் அவருக்கும் ஒரு தட்டு வைத்து, சாற்றை வடித்த காய்கறி நூடுல்ஸ் சிறிதளவு, மேலே கொத்தமல்லி, ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை என்று பரிமாறியிருப்பாள். மறுநாள் காலை வழக்கம்போல் எடை பார்த்துக் குறித்திருப்பாள். தாத்தாவும் கூடத்தில், பேரனுக்குப் பக்கத்தில் அமர்ந்து உண்டிருப்பார்.