உறுப்பும் நோக்கமும்

பகுதி, விகுதி முதலாகப் பகுபதத்திற்கு ஆறு உறுப்புக்கள் உள என்பது நன்னூல் பயில்வார் நன்கறிந்ததே. ‘செய்தான்’ என்பதனைச் ‘செய்தாள்’ என மாற்றுங்கால் விகுதி ஒன்றே வேறுபடும். ஏனைய உறுப்புக்கள் நிலைபெறும். வணிக நிறுவனங்களுக்குரிய மென்பொருளும் இங்ஙனமே உறுப்புக்களால் இயலுதல் நன்று. 1968-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கூடிய மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பார் இக்கருத்தை வலியுறுத்தினார். மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றனையும் தனித்தனி உறுப்பினுள் அடக்குதல் வேண்டுமென 1972-இல் டேவிட் பார்னஸ் விளக்கினார்.

ஆயின், உறுப்புக்களை எதனைக் கொண்டு பிரிப்பது? நிறுவனத்தின் நோக்கத்தைக் கொண்டே என்க. நம் கொங்கு நாட்டுத் திருப்பூரையே சான்றாகக் கொள்வோம். ஆங்கு ஒரு பனியன் உருவாகுமுன் பின்னல், சாயம், வெட்டு, தையல் எனப் பல தொழில்கள் பல பட்டறைகளில் நிகழ்கின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் உள்ள கணக்கேட்டை அவ்வாறே கணிப்பொறியில் ஏற்றிவிடுதல் எளிது; அதனாற் பயன் சிறிதே. குறித்த நாளிற் கப்பலேற்றுதலே நோக்கமாயின், “இவ்வார்டருக்குரிய துணி இன்று எப்பட்டறையில் உளது? என்று திரும்பும்?” என்னும் வினாக்களே முதன்மை பெறும். தனிக் கணக்கேடு எதுவும் இவற்றிற்கு முழுவிடை தாராது. ஆகவே, ஆர்டரைப் பகுதிபோல் நிறுத்தி, பட்டறைக்குரிய உறுப்பு ஒவ்வொன்றும் பெற்ற அளவு, திருப்பிய அளவு, நாள் ஆகியவற்றை மட்டும் அதற்கு அறிவிக்குமாறு அமைத்தல் வேண்டும். சாயக் கலவை, கூலி முதலியன அவ்வவ் வுறுப்பினுள்ளேயே அடங்கிக் கிடக்கட்டும்.

இவ்வமைப்பின் பயன் இடர் நேருங்கால் விளங்கும். சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டமையின், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. சாயமிடப் பிறவூர்களை நாடவேண்டிய நிலை உண்டாயிற்று. இத்தகைய காலத்தில், சாயத்தைப் பற்றிய செய்தி எங்கும் சிதறிக் கிடக்கும் மென்பொருள் முழுவதும் திருத்தப்படல் வேண்டும். சாயத்திற்கெனத் தனியுறுப்பு உடையதோ அவ்வொன்றனை மாற்றிய அளவில் நிலைபெறும்.

எனினும், ஈண்டு நாம் சிந்திக்கற்பாலது பிறிதொன்றும் உளது. நாளையும் விலையையும் மட்டுமே நோக்கமாகக் கொண்ட மென்பொருள், கழிவுநீர் எங்கே சென்றது என்று ஒருநாளும் வினவாது. உறுப்புக்கள் எத்துணைச் செம்மையாகப் பொருந்தினும், நோக்கத்தில் விடுபட்டது கணக்கில் ஏறாது. பதத்திற் பொருள் பிழைபடின் புணர்ச்சி சரியாயிருந்து பயனென்? ஆதலின் மென்பொருள் அமைக்கப் புகும் மாணவர், “எவ்வுறுப்புக்கள் வேண்டும்?” என்பதற்கு முன்னர், “இந்நிறுவனம் யாருக்கெல்லாம் கடமைப்பட்டுள்ளது?” என வினவுவாராக.