மயக்க மருந்தும் முப்பாட்டனும்

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன். நாள் குறித்தாயிற்று. ரத்தம், ஈ.ஸி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் எடுத்தாயிற்று. முதல் நாள் சாயங்காலம் மயக்க மருந்து டாக்டர் வந்து, "உங்க குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் ஏதாவது தொந்தரவு வந்திருக்கா?" என்று கேட்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "அதெல்லாம் ஒண்ணுமில்லே டாக்டர்!" எத்தனை பேர் யோசித்துவிட்டுச் சொல்கிறோம்?

கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாயில் டியூப் வைக்க வேண்டும். அதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்துகளில் ஒன்று சக்ஸினைல்கோலின். ஆஸ்பத்திரியில் 'ஸ்கோலின்' என்பார்கள். இது மூச்சு விடும் தசைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். பயப்பட வேண்டாம், ஐந்து, பத்து நிமிஷம்தான். நம் ரத்தத்தில் உள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதி அதை உடைத்துப் போட்டுவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்வதில்லை. சாப்பிடலாம், ஓடலாம், ஒரு குறையும் தெரியாது. ஸ்கோலின் போட்டால்தான் தெரியும். மணிக்கணக்கில் சொந்தமாக மூச்சு விட முடியாது! டாக்டர் புரிந்துகொண்டு செயற்கைச் சுவாசத்தைத் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தானாகவே தணிந்துவிடும். புரியாமல் போனால்தான் ஆபத்து. நினைவு திரும்பியிருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. அந்தத் தவிப்பை நினைத்துப் பாருங்கள்.

தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வெளிநாட்டு விஞ்ஞானிகளுடன் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சமூகத்தாரிடம் உள்ள ஜீன் மாற்றத்தை எழுதினார்கள். நொதியின் 307-வது இடத்தில் லூசினுக்குப் பதில் ப்ரோலின். ஒரே ஓர் எழுத்துப் பிழை மாதிரி! அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழையான பிரதியே வந்து சேர்ந்தால்தான் பிரச்னை.

"நாங்க சொந்தத்தில் கல்யாணம் பண்றதே இல்லையே" என்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

டி.என்.ஏ. என்பது நாலே எழுத்துக்களால் எழுதிய, சுமார் 300 கோடி எழுத்து நீளமுள்ள புத்தகம். இரண்டு பேருடைய புத்தகத்தை அருகருகே வைத்து, எங்கெங்கே வரி மாறாமல் ஒத்துப் போகிறது என்று தேட மனுஷருக்கு ஒரு ஜென்மம் போதாது. கம்ப்யூட்டர் தேடும். 'கணினி உயிரியல்' என்று இதற்குப் பெயர். பல்கலைக்கழகக் கருத்தரங்குகளில் டாக்டரும் கணக்குப் பேராசிரியரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து விவாதிப்பது இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

சூட்சுமம் எளிது. அண்ணன் தம்பிக்குள் ஒத்துப் போகும் துண்டுகள் மிக நீளமானவை. தலைமுறைக்குத் தலைமுறை அவை நறுக்கப்பட்டுக் குட்டையாகும். துண்டின் நீளத்தைப் பார்த்தே, பொதுவான முப்பாட்டன் எத்தனை காலத்துக்கு முன் இருந்தார் என்று கணக்கிடலாம். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ், அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக் முதலானோர், தெற்காசியாவின் 260-க்கும் மேற்பட்ட சமூகங்களை இப்படி அளந்து 2017-ல் வெளியிட்டார்கள். மிக நீளமான துண்டுகளை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். அவை அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தால் வந்திருக்கலாமே! நடுத்தர நீளத் துண்டுகளை மட்டுமே எண்ணியும், 81 சமூகங்களில் அவை மிக அதிகம். அதாவது, என்றோ ஒரு சிறு கூட்டமாகத் தொடங்கி, தமக்குள்ளேயே மணமுடித்துப் பெருகிய சமூகங்கள். அவற்றில் 14, பத்து லட்சம் பேருக்கு மேல் உள்ளவை.

வைசியருக்கு அந்தச் சிறு கூட்டம் வாழ்ந்தது 2,000 முதல் 3,000 ஆண்டுகளுக்கு முன் என்கிறது கணக்கு. அவர்களில் யாரோ ஒருவரிடம் இருந்த பிழைதான் இன்று பரவிக் கிடக்கிறது போலும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஏழு தலைமுறையில் உறவே இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் பார்வையில் இருவரும் பங்காளிகள்! இதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஒரு சமூகத்துக்கு இது, இன்னொன்றுக்கு வேறு ஏதாவது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆபரேஷனுக்கு முன் பெரியவர்களிடம் கேளுங்கள். "பெரியப்பா ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்சும் மூச்சு திரும்பாம ராத்திரி வரைக்கும் மெஷின்ல இருந்தாரே!" என்று பாட்டி சொன்னால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். நொதியின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். ஸ்கோலினுக்கு மாற்று மருந்துகளும் உண்டு. ஒருவருக்கு இருப்பது உறுதியானால், கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கர்ப்பமாக இருக்கும்போது பார்த்தால் அளவு வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டலாம். அதனால் பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள்.