ஸ்டீராய்டு சாப்பிடும் பெரியவர் வீட்டில் இருக்கிறாரா? வைட்டமின் டி: 15 குறிப்புகள்

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரகக் கோளாறு, தோலில் கொப்புளம் போடும் நோய் என்று எத்தனையோ தொல்லைகளுக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், ஸ்டீராய்டு மாத்திரை தரப்படுகிறது. நோயை அடக்குவதில் கெட்டிக்கார மருந்து. ஆனால் எலும்பிடம் கொஞ்சம் கடுமையாக நடந்துகொள்ளும். உணவிலுள்ள கால்சியம் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். சிறுநீரில் கால்சியத்தை வெளியே விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எலும்பைக் கட்டும் செல்களை வேலை செய்ய விடாது. இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்ட உதவுவதுதான் வைட்டமின் டி. அதைக் கொடுக்காமல் விட்டாலும் தவறு, நல்லதுதானே என்று அள்ளிக் கொடுத்தாலும் தவறு. வீட்டில் கவனிக்க வேண்டியவை இதோ:

1. சீட்டில் என்ன பெயர் என்று பாருங்கள். பிரெட்னிசலோன், மெத்தில் பிரெட்னிசலோன், டெஃப்ளாசகார்ட், டெக்ஸாமெத்தசோன் ஆகிய எல்லாமே ஸ்டீராய்டுதான். லேபிள் இல்லாமல் விற்கும் மூட்டுவலிப் பொடி, இளைப்புப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ‘ரெண்டே நாளில் வலி பறந்துபோச்சு’ என்று பெரியவர் சொன்னால் அந்தப் பொடியை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

2. எப்போதிலிருந்து கவலைப்பட வேண்டும்? இளைப்புக்காக எப்போதோ ஒருமுறை ஐந்து நாள் சாப்பிட்டதற்குப் பயப்பட வேண்டாம். தினமும் 2.5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன், மூன்று மாதத்துக்கு மேல் என்றால் எலும்பைப் பற்றி டாக்டரிடம் பேசியே ஆக வேண்டும். எலும்பு வேகமாகக் கரைவது முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட்டால் அந்தக் காலம் கைநழுவிவிடும்.

3. பயந்துபோய் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய கார்டிசாலைச் சுரக்காமல் சோம்பிப் போயிருக்கும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

4. பொதுவான அளவு. இப்படிப்பட்ட பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது நாளொன்றுக்கு 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டி; உணவும் மாத்திரையும் சேர்த்து 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம். ரத்தத்தில் டி குறைவாக இருந்தால் டாக்டர் அளவைக் கூட்டுவார். கால்சியம் சரக்கு என்றால், அதைக் குடலிலிருந்து ரத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் ஆள் வைட்டமின் டி. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் கொடுப்பதில் பெரிய பலன் இல்லை.

5. 60,000 என்று போட்டிருந்தால் உஷார்! நம் மருந்துக்கடைகளில் அதிகம் கிடைப்பது 60,000 யூனிட் கேப்ஸ்யூலும் பாக்கெட் பவுடரும்தான். இது தினமும் சாப்பிடுவதல்ல. வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று டாக்டர் சொல்லும் கணக்கு. எங்கள் அத்தை எட்டு வாரத்துக்கு வாங்கிய எட்டு கேப்ஸ்யூலையும் காலைக் காபியோடு எட்டே நாளில் தீர்த்துவிட்டு, ‘இன்னொரு அட்டை வாங்கிட்டு வாடா’ என்றார். நல்லவேளை, அதோடு பிடித்துவிட்டோம். டாக்டர் ரத்தத்தில் கால்சியம் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. இன்னும் இரண்டு மாதம் அப்படியே போயிருந்தால் கதை வேறு.

6. கிழிக்கும் காலண்டர் கைகொடுக்கும். மாதம் பிறந்ததுமே, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தாளிலும் சிவப்பு மையால் ‘டி’ என்று எழுதிவிடுங்கள். தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும். கேப்ஸ்யூல் அட்டையைத் தினசரி மாத்திரை டப்பாவில் போடாமல் பீரோவில் தனியாக வையுங்கள். ஒரு வாரம் மறந்துபோனால் அடுத்த வாரம் இரண்டாகப் போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

7. வெறும் வயிற்றில் வேண்டாம். வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மத்தியானம் பருப்பும் நெய்யும் ஊற்றிச் சாப்பிட்ட கையோடு, அல்லது ஆடை எடுக்காத பாலோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். ஸ்டீராய்டு மாத்திரை காலைப் பலகாரத்துக்குப் பிறகு. வைட்டமின் டி மத்தியானச் சாப்பாட்டோடு. இப்படிப் பிரித்துவிட்டால் குழப்பமே இல்லை.

8. கால்சியம் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம்’ என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான். உடம்பு ஒரே வேளையில் ஏறத்தாழ 500க்கு மேல் கொடுத்தால் சரியாக உறிஞ்சாது. இரண்டு மாத்திரை என்றால் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெரும்பாலான கால்சியம் மாத்திரைகளில் 250 அல்லது 500 யூனிட் டி சேர்ந்தே இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

9. எந்த மாத்திரையோடு எது ஆகாது? தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். எலும்புக்காக வாரம் ஒருமுறை தரும் அலெண்ட்ரோனேட் மாத்திரை இன்னும் கறாரானது: எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்தோ நின்றோ இருக்க வேண்டும். அதுவரை காபிகூடக் கூடாது. கால்சியம் மாத்திரை அன்று மத்தியானம்தான்.

10. விடியற்கால வெயில் போதாது. ஆறரை மணி இளவெயிலில் நடப்பது மனதுக்கும் காலுக்கும் நல்லது. வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் அந்நேரத்தில் மிகக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் சரி, அதாவது பத்து மணிக்கு மேல். கை, காலில் வெயில் படக் கொஞ்ச நேரம் உட்காரலாம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலனில்லை. அந்தக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. வயதான தோலுக்கு டி தயாரிக்கும் சக்தியும் குறைவு என்பதால், வெயிலை நம்பி மாத்திரையை விட வேண்டாம். லூப்பஸ் நோய்க்காக ஸ்டீராய்டு எடுப்பவர்கள் வெயிலில் உட்காரவே கூடாது; நோய் கிளம்பிவிடும்.

11. அடுக்களைக் கணக்கு. 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராம் கால்சியம் உண்டு; தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவே. பாலும் தயிருமாகச் சேர்த்து இரண்டு டம்ளர், ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் ஒரு அடை என்றால் 650ஐத் தொட்டுவிடலாம். முருங்கைக்கீரை, எள்ளுப்பொடி சேர்த்தால் இன்னும் கூடும். மீதிக்கு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போதுமானதாக இருக்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் கேழ்வரகைக் கஞ்சியாக்காமல் கீரை போட்ட அடையாகத் தட்டுங்கள். வைட்டமின் டி மட்டும் அடுக்களையில் அவ்வளவாகக் கிடைக்காது. தெற்கே சாளை என்று சொல்லும் மத்தி மீனில் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 40 யூனிட். 800 யூனிட்டுக்கு இருபது முட்டை சாப்பிட முடியுமா?

12. ஊறுகாயைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகப் போகும். ஸ்டீராய்டோ ஏற்கெனவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, முகத்தை உப்பவைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றும். அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் வாசனைக்கு மட்டும்.

13. இவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவர்கள், தயசைடு வகை நீர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டி தொடங்க வேண்டாம். சார்காய்டோசிஸ் நோய்க்கு ஸ்டீராய்டுதான் மருந்து. ஆனால் அந்த நோயில் வைட்டமின் டி ரத்தக் கால்சியத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். வலிப்புக்கு ஃபெனிட்டாயின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கு இதற்கு நேர்மாறாக டி சீக்கிரம் கரையும், அளவு மாறும்.

14. அளவு மீறினால் உடம்பு சொல்லும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், பேச்சில் குழப்பம் ஆகியவை ரத்தத்தில் கால்சியம் ஏறியதன் அறிகுறிகளாக இருக்கலாம். ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள். லேபில் கேட்க வேண்டிய பரிசோதனை ‘25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி’. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைபாடு. பல டாக்டர்கள் 30க்கு மேல் இருக்கட்டும் என்பார்கள்.

15. நிலைப்படியில் ஒரு பென்சில் கோடு. குழந்தைகளுக்குப் போடுவதுபோல் பெரியவரையும் கதவு நிலையோரம் நிறுத்தி, உயரத்தைக் குறித்துத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஸ்டீராய்டால் முதுகெலும்பு நொறுங்குவது பல சமயம் வலியே இல்லாமல் நடக்கும். கோடு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். தரையிலிருந்து எழத் திணறினால் தொடைத் தசையும் இளைத்திருக்கலாம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு, வழுக்காத மிதியடி இதெல்லாம் மாத்திரைக்குச் சமமான பாதுகாப்பு.

வைட்டமின் டியும் கால்சியமும் எலும்புக்கு அஸ்திவாரம்தான். அவை மட்டுமே முழு வீடாகிவிடாது. அதிக அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களுக்கும் அலெண்ட்ரோனேட் போன்ற தனி மருந்தும் தேவைப்படலாம். அதைத் தீர்மானிக்க, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் உதவும். ஆகவே அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ‘மாத்திரை ஆரம்பித்து எத்தனை மாதம், இப்போது எத்தனை மில்லிகிராம், டி வாரமா மாதமா, எலும்புக்குத் தனியாக மருந்து வேண்டுமா’ என்ற நாலு விஷயத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமே போதும்.