அறுவைக்குப் பின் நோயாளியின் சம்மதம்

அறுவைச் சிகிச்சை மேஜையின் மீதே முடிந்துவிடுவதன்று. பெரிய அறுவைக்குப் பின்னர்ச் சிலருக்குச் சில நாட்கள் செயற்கைச் சுவாசமும், சிறுநீரகம் தளர்ந்தால் டயாலிசிஸும் தேவைப்படும். ஆதலின் அறுவைக்கு இசைந்தவர் அதனைத் தொடர்ந்து வருவனவற்றிற்கும் இசைந்துள்ளார் என மருத்துவர் கருதுதல் இயல்பு. நோயாளியோ அவ்வாறு கருதாதிருக்கலாம்.

சூளூர்பேட்டையைச் சேர்ந்த முதியவர் ஒருவர், குடற்புற்றுநோய்க்கு அறுவை செய்துகொள்ளச் சென்னைக்குச் செல்கிறார் எனக் கொள்க. குழாய் பொருத்தித் தம்மைக் கிடத்தி வைக்கலாகாது என முன்னரே கூறியுள்ளார். ஐந்தாம் நாள் தையலிட்ட குடல் கசிந்து, நினைவு தப்பி, மூச்சுத் திணறுகிறது. கருவியைப் பொருத்தினால் அவர் சொல்லை மீறியதாகும். பொருத்தாவிடின், தீரக்கூடிய இடரால் ஓர் உயிர் பிரிந்ததாகும். தாம் செய்த அறுவையினால் விளைந்த இடர் என்ற எண்ணமும் மருத்துவரை வாட்டும்.

சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. ஒரு சிகிச்சைக்குத் தந்த சம்மதம், உயிரைக் காக்கும் அவசரம் இருந்தாலன்றி, வேறொன்றுக்குச் செல்லாது என 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணியத்துடன் இறக்கும் உரிமையையும், முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் 2018 மார்ச் 9-இல் ஏற்றது. மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் தேவை என்றிருந்த விதியை 2023-இல் தளர்த்தி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது கெஜடெட் அதிகாரியின் சான்று போதும் என்றது. எனினும் அவ்வாவணம் முதன்மையாக, மீளும் நம்பிக்கையற்ற நோய்நிலையைக் கருதியது. மேற்கண்ட முதியவரின் நிலை அத்தகையதென்று ஐந்தாம் நாளில் எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே இச்சிக்கலைத் தீர்க்கத் தக்க காலம் அறுவைக்கு முந்திய நாட்களே. அமெரிக்க மயக்க மருந்தியல் வல்லுநர் சங்கம் 1993-இல் வகுத்த நெறியும் இதுவே: நோயாளி விதித்த வரம்புகளை அறுவையின்போது தாமாக நீங்கியனவாகக் கொள்ளாது, அவரோடு மீண்டும் கலந்து முடிவு செய்தல் வேண்டும்.

அவர் அஞ்சுவது கருவியையா, அதிலிருந்து மீளாமற் கிடப்பதையா என வினவுதல் முதற்கடமை. பின்னதாயின், குறித்த சில நாட்கள் முயன்று, பயனில்லையேல் சட்டம் கூறும் மருத்துவக் குழுவின் ஆய்வுப்படி கருவியை விலக்குவதென உடன்பாடு காணலாம். முன்னதாயின், அம்மறுப்பை மதித்தே அறுவையின் நன்மை தீமைகளை எடை போடல் வேண்டும். நினைவு தப்பினால் எவர் பேசுவது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வுரையாடல் தமிழோ தெலுங்கோ, நோயாளி அறிந்த மொழியில் நிகழ்தல் இன்றியமையாதது. அவ்வரம்புகளுக்கு உட்பட்டு அறுவை செய்ய மனம் ஒவ்வாத மருத்துவர், அதனை முன்னரே கூறி, வேறொருவரிடம் அனுப்புதலே முறை. கத்தியை எடுத்தபின் அவ்வாய்ப்பு அவருக்கில்லை.