கையுறை அணிந்த விரல்கள்

கைப்பேசித் திரையை நாம் மெல்லத் தொட்டாலே அது பணிகிறது. அதே திரையைத் தடித்த கையுறையுடன் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அசையாது. விரல் படும்போது ஏற்படும் மின்மாற்றத்தை உணர்ந்தே அத்திரை இயங்குகிறது. கையுறை அதைத் தடுத்துவிடுகிறது. ஆகவேதான், உள்ளங்கையால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள் தொழிற்சாலைகளில் இன்னும் நிலைத்திருக்கின்றன.

திரை, பொத்தான், விளக்கு, நெம்புகோல் என மனிதனும் இயந்திரமும் தொடர்புகொள்ளும் பகுதி இடைமுகம் எனப்படும். அது தவறாக அமைந்தால் என்ன நேரும்? இரண்டாம் உலகப் போரின்போது, அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, தரையிறங்கிய பிறகு திடீரென வயிற்றால் தரையில் சரிந்தன. இறக்கை மடல்களை மடக்க வேண்டிய விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட்டனர். கவனக்குறைவு என்று சொல்லி விட்டிருக்கலாம். அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளரோ விமானி அறையை ஆராய்ந்தார். இரண்டு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன! சக்கர விசையின் முனையில் ஒரு சிறு சக்கரத்தையும் மடல் விசையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தும் வழியை அவர் கண்டார். கண் பார்க்காவிட்டாலும் கை அறிந்துகொண்டது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தொழிற்சாலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே கூடத்தில் மலாய், தமிழ், நேப்பாளி, வங்காளம் பேசுவோர் சேர்ந்து உழைக்கின்றனர். இரைச்சலோ காதைப் பிளக்கும். அங்கே திரையில் ஆங்கிலத்தில் மட்டும் எச்சரிக்கை தோன்றினால் யாருக்குப் பயன்? மஞ்சள் பின்னணியில் காளான் போன்ற சிவப்புப் பொத்தான் எந்த மொழியினருக்கும் புரியும். அதை அழுத்தினால் இயந்திரம் நின்றுவிடும். பொத்தானைப் பழைய நிலைக்குத் திருப்பினாலும் இயந்திரம் தானாக ஓடக்கூடாது. தனியாக இயக்கினால்தான் ஓட வேண்டும். பழுது பார்ப்பவரின் கை உள்ளே இருக்கலாம் அல்லவா?

உலோகத் தகட்டை அழுத்தும் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள் தள்ளித் தள்ளி இருக்கும். இரு கைகளாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். அப்போது எந்தக் கையும் அச்சின் கீழே இருக்காது. வேலையை விரைவாக முடிக்க ஒரு பொத்தானை நாடா ஒட்டி நிரந்தரமாக அழுத்தி வைப்பவர்களும் உண்டு. இதனைத் தடுக்கவே, இரண்டையும் ஏறக்குறைய அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் கைகளை எடுக்க வேண்டும் என வடிவமைக்கின்றனர்.

தொயோத்தா நிறுவனம் புகழ்பெறச் செய்த 'அண்டோன்' முறை இன்னும் எளிமையானது. தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். குறையைக் கண்ட தொழிலாளி அதை இழுத்தால் விளக்கு எரியும். குழுத் தலைவர் ஓடி வருவார். உரிய நேரத்தில் சிக்கல் தீராவிட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். ஆனால், இழுத்தவரைத் திட்டும் இடத்தில் அந்தக் கயிறு வெறும் கயிறுதான்; யாரும் அதைத் தொடமாட்டார்கள். நம் நாட்டில், 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்தால், தொழிலாளர் அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையை அது தருகிறது.

நல்ல வடிவமைப்பாளர் முதலில் கணினியின் முன் அமர்வதில்லை. இரவு வேலை நேரத்தில் இயந்திரத்தின் அருகே போய் நிற்கிறார். பொத்தானின் மேல் யாரோ பேனாவால் போட்ட அம்புக்குறி, திரையின் ஓரத்தில் தாய்மொழியில் எழுதி ஒட்டிய துண்டுத்தாள் ஆகியவற்றைத்தான் அவர் தேடுகிறார்.