கான்ஃபரன்ஸ் இல்லாத கல்லூரி ஐஸ் ஹாக்கி அணி: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் பிரிவில் அறுபதுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. ஹாக்கி ஈஸ்ட், ஈசிஏசி, பிக் டென், என்சிஹெச்சி, சிசிஹெச்ஏ, அட்லாண்டிக் ஹாக்கி அமெரிக்கா என்று ஆறு கான்ஃபரன்ஸ்கள், அதாவது அணிகளின் கூட்டமைப்புகள். ஏறக்குறைய எல்லா அணிகளும் இவற்றில் ஒன்றில் இடம்பிடித்திருக்கும். 2024-25 பருவத்தில் ஐந்து அணிகள் மட்டும் எதிலும் இல்லாமல் ஆடின: அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ், அலாஸ்கா ஆங்கரேஜ், லாங் ஐலண்ட், ஸ்டோன்ஹில், லிண்டன்வுட்.

கான்ஃபரன்ஸில் இருக்கும் அணிக்குப் பருவத்தின் பெரும்பகுதிக்கான ஆட்டங்கள் தானாக அமைந்துவிடும். நடுவர்கள் வருவார்கள். மார்ச்சில் ஒரு கோப்பைப் போட்டி இருக்கும். அந்தக் கோப்பையை வென்றால், பருவம் முழுக்கச் சொதப்பியிருந்தாலும், 16 அணிகள் ஆடும் என்சிஏஏ தேசியப் போட்டிக்கு நேரடி நுழைவு உண்டு. தனி அணிக்கு இவை எதுவும் கிடையாது. ஆறு இடங்கள் ஆறு சாம்பியன்களுக்குப் போக, தரவரிசைக் கணக்கில் நிரப்பப்படும் பத்து இடங்களில் ஒன்றைப் பிடிப்பதுதான் அதற்கு உள்ள ஒரே வழி.

இந்த நிலையில் அணி நடத்தப் போகிறவர்களுக்கும், அதில் ஆடப் போகும் மாணவர்களுக்கும், அவர்களைத் தள்ளி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தே இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

அட்டவணைக்கென்று ஒருவரை முழுநேரமாக வையுங்கள். தனி அணியின் தலையெழுத்து பனித்தளத்தில் எழுதப்படுவதில்லை, தொலைபேசியில்தான் எழுதப்படுகிறது. கணக்கைப் பாருங்கள். ஒரு பருவத்தில் ஓர் அணி ஆடக்கூடிய ஆட்டங்களின் உச்சவரம்பு 34. ஹாக்கி ஈஸ்ட் அணிக்கு அதில் 24 ஆட்டங்கள் தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். மிச்சம் பத்து. அந்தப் பத்தையும் அவர்கள் பெரும்பாலும் அக்டோபரிலும் புத்தாண்டை ஒட்டியும் ஆடி முடித்துவிடுவார்கள். ஈசிஏசியில் இருக்கும் ஐவி லீக் கல்லூரிகளுக்கு இன்னும் நெருக்கடி: தாமதமாகத் தொடங்கி 29 ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் அவர்கள். ஜனவரி, பிப்ரவரி வெள்ளி, சனிக்கிழமைகள் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம் போலத்தான். கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பேசி, எழுத்தில் வாங்கி வைத்தால்தான் உண்டு. இல்லையென்றால் பிப்ரவரியில் தனி அணிகள் ஒன்றோடொன்று திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பலமான அணிகளைத் தேடிப் போய் ஆடுங்கள். இதற்கு அரிசோனா ஸ்டேட்டை விடச் சிறந்த பாடம் இல்லை. பாலைவன ஊரான டெம்பியில் 2015-இல் முதல் பிரிவு ஆட்டத்தைத் தொடங்கிய அணி அது. 2018-19 பருவத்தில் 21 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமநிலை. அந்தப் பருவத்தில் தேசியப் போட்டிக்குள் நுழைந்தது. 1992-க்குப் பிறகு அங்கே கால் வைத்த முதல் தனி அணி அதுதான். ஆலன்டவுனில் நடந்த முதல் சுற்றில் குவினிபியாக்கிடம் 2-1 என்று தோற்றாலும், கோல்கீப்பர் ஜோயி டக்கார்டைப் பற்றி நாடே பேசியது. ஐந்து ஆண்டுகள் கழித்து 2023-24-இல் அதே அணி 24 ஆட்டங்களில் வென்றது, தோற்றது எட்டே எட்டில். தேசியப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை!

மூன்று வெற்றி கூடுதல், ஐந்து தோல்வி குறைவு, இடம் மட்டும் இல்லை. காரணம் தரவரிசைக் கணக்கின் அமைப்பு. அதன் அடிப்படையாக அப்போது இருந்த சூத்திரத்தில் அணியின் சொந்த வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு மதிப்புதான். மீதி முக்கால் பங்கும் எதிரணிகளின் வெற்றியையும், அந்த எதிரணிகளின் எதிரணிகளுடைய வெற்றியையும் பொறுத்தது. பலவீனமான அணியை வீழ்த்திக் குவிக்கும் வெற்றி கணக்கில் நிற்காது. வெளியூரில் பெறும் வெற்றிக்குச் சொந்த ஊர் வெற்றியைவிட மதிப்பு அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம். பயணம் செய்தே தீர வேண்டிய தனி அணிக்கு அது ஒரு சலுகை.

உங்களிடம் உள்ள துருப்புச் சீட்டைக் கண்டுபிடித்து ஆடுங்கள். அலாஸ்காவுக்கு வந்து ஆடும் அணிகளுக்கு அந்த ஆட்டங்களை 34 என்ற வரம்புக்குள் சேர்க்காமல் விட்டுவிட விதியில் இடம் உண்டு. அதாவது, ஃபேர்பேங்க்ஸுக்கோ ஆங்கரேஜுக்கோ வரும் அணிக்குக் கூடுதல் ஆட்டங்கள் லாபம். இதை முன்வைத்துத்தான் அந்த இரு அணிகளும் விருந்தினரை அழைக்கின்றன. பாஸ்டனுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே கடிகாரத்தில் நான்கு மணி நேர வித்தியாசம். அவ்வளவு தூரம் ஒருவர் வர வேண்டுமென்றால் வருவதில் அவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டும். உங்கள் ஊர் அலாஸ்கா இல்லையென்றால் வேறு எதையாவது கொடுங்கள்: புதிய அரங்கம், குளிர்காலத்தில் வெயில், அல்லது அடுத்த ஆண்டு நீங்கள் அவர்கள் ஊருக்கு இரண்டு முறை போய் ஆடித் தருவதாக ஒரு வாக்கு.

பக்கத்துக் கான்ஃபரன்ஸோடு ஒட்டுமொத்த ஒப்பந்தம் பேசிப் பாருங்கள். கொரோனா காலத்து 2020-21 பருவத்தில் அரிசோனா ஸ்டேட் பிக் டென் அணிகளோடு மட்டும், அதுவும் எல்லா ஆட்டங்களையும் எதிரணி ஊரிலேயே ஆடியது. வென்றது குறைவு. ஆனால் வீரர்களுக்கு ஒரு பருவம் கிடைத்தது. அதே பருவத்தில் அலாஸ்காவின் இரு அணிகளும் பனியில் இறங்கவே இல்லை.

பணத்தை முதலில் கட்டுங்கள், பிறகு அணியைக் கட்டுங்கள். பென் ஸ்டேட்டுக்கு டெர்ரி பெகுலா என்ற நன்கொடையாளர் 2010-இல் 8.8 கோடி டாலர் தருவதாக அறிவித்த பிறகுதான் அங்கே முதல் பிரிவு அணி பிறந்தது. அந்த அணி தனியாக ஆடியது 2012-13 என்ற ஒரே பருவம். அடுத்த ஆண்டே பிக் டென் ஹாக்கி தொடங்கி அதைச் சேர்த்துக்கொண்டது. அரிசோனா ஸ்டேட்டுக்கு 2014-இல் சுமார் 3.2 கோடி டாலர் நன்கொடை. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத ஓஷன்சைட் அரங்கில் ஆண்டுக்கணக்கில் ஆடி, 2022-இல் சுமார் ஐயாயிரம் இருக்கைகள் கொண்ட முல்லெட் அரினாவைத் திறந்தார்கள். 2024-25-இல் என்சிஹெச்சி கதவு திறந்தது. கையில் அரங்கம் இருப்பவரைத்தான் கான்ஃபரன்ஸ் திரும்பிப் பார்க்கிறது.

மாணவரும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். அடுத்த மூன்று ஆண்டுக்கு எத்தனை ஆட்டங்கள் உறுதியாகியிருக்கின்றன? அவற்றில் சொந்த ஊரில் எத்தனை? வெளியூர்ப் பயணத்தில் தவறும் வகுப்புக்கு என்ன ஏற்பாடு? அணி மூடப்பட்டால் உதவித்தொகை தொடருமா? பயிற்சியாளர் மழுப்பினால் அதுவே பதில்.

செய்யக்கூடாதவை

தனியாக இருப்பதை வெட்கமாக நினைக்காதீர்கள். 1991-இல் ஆங்கரேஜ் ஒரு தனி அணிதான். தேசியப் போட்டியில் பாஸ்டன் காலேஜை அதன் சொந்த ஊரிலேயே இரண்டு ஆட்டங்களிலும் வீழ்த்தியது. அப்போது அந்தச் சுற்றில் மூன்றில் இரண்டு வெல்ல வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்கே வேலை வைக்கவில்லை. 1990, 1991, 1992 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியப் போட்டிக்குப் போன அணி அது.

கடைசி வாரத்தை அடுத்தவர் கையில் விடாதீர்கள். ஃபேர்பேங்க்ஸுக்கு 2023-இல் நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. 22 வெற்றி, 10 தோல்வி, 2 சமநிலை. மார்ச் தொடக்கத்தில் அவர்களுடைய பருவம் முடிந்துவிட்டது. கான்ஃபரன்ஸ் கோப்பை கிடையாது என்பதால் அதற்குமேல் ஆட ஆட்டமே இல்லை. மற்ற அணிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, தரவரிசையின் எல்லைக்கோட்டில் நின்றார்கள். அப்போது ஈசிஏசி இறுதியாட்டத்தில் கோல்கேட், ஹார்வர்டை வென்றது. தரவரிசையில் பின்னால் இருந்த கோல்கேட் சாம்பியன் என்ற முறையில் நேரடியாக உள்ளே போக, கடைசியாக இருந்த ஒரு இடம் அதோடு போயிற்று. ஃபேர்பேங்க்ஸ் வீரர்கள் எந்த ஆட்டத்திலும் தோற்காமல் வெளியேறிய இரவு அது. நவம்பரில் நழுவவிட்ட ஓர் ஆட்டம், சுலபமான எதிரணி என்று ஒத்துக்கொண்ட ஒரு வார இறுதி, இவையெல்லாம் தனி அணிக்கு மார்ச்சில்தான் கணக்குக் கேட்கும்.

கான்ஃபரன்ஸில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் தூங்காதீர்கள். அலபாமாவின் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழகம் 2010-இல் சிஹெச்ஏ என்ற சிறு கான்ஃபரன்ஸின் கோப்பையை வென்று தேசியப் போட்டிக்குப் போனது. ஆனால் ஃபின்ட்லே, வெய்ன் ஸ்டேட் என்று ஒவ்வோர் அணியாக ஹாக்கியைக் கைவிட்டதில் அந்தக் கான்ஃபரன்ஸ் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. மிஞ்சியவர்களில் நயாகராவும் ராபர்ட் மோரிஸும் ஒரு பக்கம், பெமிட்ஜி ஸ்டேட் இன்னொரு பக்கம் போக, சாம்பியன் அணி அடுத்த பருவம் தனியாக நின்றது. சிசிஹெச்ஏவில் இடம் கேட்டு மறுக்கப்பட்டிருந்தது. 2013-இல் டபிள்யூசிஹெச்ஏ என்ற கான்ஃபரன்ஸ் சேர்த்துக்கொண்டது. 2019-இல் அங்கிருந்த ஏழு அணிகள் சேர்ந்து வெளியேறப் போவதாக அறிவித்தன. பின்னால் விடப்பட்டவை ஹன்ட்ஸ்வில்லும் இரு அலாஸ்கா அணிகளும். தூரமும் செலவும்தான் பின்னணி.

ரசிகரின் உண்டியலை நம்பி ஆண்டு பட்ஜெட் போடாதீர்கள். ஹன்ட்ஸ்வில் நிர்வாகம் 2020 மே மாதத்தில் அணியை மூடியபோது பழைய வீரர்களும் ஊர்க்காரர்களும் சில நாட்களிலேயே 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அதைக் காப்பாற்றினார்கள். ஓர் ஆண்டுதான். கான்ஃபரன்ஸ் எதுவும் இடம் தராததால் 2021 மே மாதத்தில் அணி நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஆழ்தெற்கு மாநிலங்களில் இருந்த ஒரே முதல் பிரிவு அணி அது. ஆங்கரேஜுக்கும் 2020-இல் இதே கத்தி தொங்கியது. 30 லட்சம் டாலர் திரட்டினால் அணி பிழைக்கும் என்றார்கள். 2021 ஆகஸ்டில் திரட்டிக் காட்டினார்கள். 2022-23-இல் மீண்டும் பனியில் இறங்கினார்கள். ஊர் ஒருமுறை உயிர் கொடுக்கும். ஆண்டுதோறும் ஊரையே கேட்பது அநியாயம்.

பொய் சொல்லி வீரரைச் சேர்க்காதீர்கள். "அடுத்த ஆண்டே கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிடுவோம்" என்ற வாக்குறுதியை நிறைவேற்றும் அதிகாரம் பயிற்சியாளரிடம் இல்லை. 2025-26 முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக் வீரர்களும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடலாம் என்றாகிவிட்டது; வீரர்களுக்கு வாய்ப்பும் கூடியிருக்கிறது, போட்டியும் கூடியிருக்கிறது. உண்மையைச் சொல்லிச் சேர்த்த பையன்தான் கடினமான பிப்ரவரியிலும் கூட நிற்பான்.

தனி அணிகளே, உங்களுக்குள் முகம் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஃபேர்பேங்க்ஸும் ஆங்கரேஜும் சாலைவழி சுமார் 580 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பரம எதிரிகள். ஆளுநர் கோப்பைக்காக ஒவ்வோர் ஆண்டும் முட்டிக்கொள்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து வரும் அணி ஒரே பயணத்தில் இரு ஊரிலும் ஆடிவிட்டுப் போக முடிந்தால் லாபம் இருவருக்கும்தான். அட்டவணைப் பேச்சில் எதிரி என்று யாரும் இல்லை.

கான்ஃபரன்ஸ்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழு பேர் சேர்ந்து மூன்று பேரை விட்டுவிட்டுப் போனதில் ஓர் அணி ஏற்கெனவே செத்துவிட்டது. தனி அணிகளைச் சேர்த்துக்கொள்ள மனமில்லையென்றால் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: ஜனவரி, பிப்ரவரியில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஒரே ஒரு வார இறுதியைத் தனி அணிகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். ஆறு கான்ஃபரன்ஸ், ஆறு வாரம். உங்கள் கோப்பைக்கு எந்தக் குறையும் வராது. அவர்களுக்கு அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பருவம்.