14 கிலோமீட்டருக்கு எந்த மாட்யூல்?

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே 14 கிலோமீட்டர் ஃபைபர், 80 கிலோமீட்டர் மாட்யூலாகவே வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லையே என்று கேட்டிருந்தாய். வாங்காதே. பெட்டியில் அச்சிட்ட தூரத்தை ஒதுக்கிவிட்டு டெசிபெல் கணக்கைப் போடு.

10 ஜிகாபிட் எல்ஆர் மாட்யூல் 1310 நானோமீட்டர் ஒளியில் வேலை செய்யும். குறைந்தபட்சம் மைனஸ் 8.2 டிபிஎம் அனுப்பும். மறுமுனைக்கு மைனஸ் 14.4-ஆவது வந்துசேர வேண்டும். வழியில் இழக்க உன் கையிலிருப்பது 6.2 டெசிபெல். கிலோமீட்டருக்கு 0.35 வீதம் கண்ணாடியிலேயே 4.9 போய்விடும். நான்கு கனெக்டருக்கு அரை அரையாக 2, ஏழு ஸ்ப்ளைஸுக்கு 0.7. மொத்தம் 7.6. எல்ஆர் எட்டாது. மாட்டிப் பார்த்தால் லிங்க் எழும்பவும் கூடும். பல மாட்யூல்கள் குறைந்தபட்சத்தைவிடக் கூடுதலாக அனுப்புவதுண்டு. அதை நம்பிப் பணம் போடாதே.

அடுத்த வகையான இஆர் 1550 நானோமீட்டர். அங்கே இழப்பு கிலோமீட்டருக்கு 0.25 என்றே வைத்துக்கொள். எல்லாம் சேர்த்து 6.2 வரும். அதன் கையிருப்போ 11.1. நாளை எவராவது பள்ளம் தோண்டிக் கேபிளை வெட்டி, ஒட்டுப் போட வேண்டி வந்தாலும் தாங்கும்.

அந்த 80 கிலோமீட்டர் மாட்யூல், இசட்ஆர், பிளஸ் 4 வரை அனுப்பக்கூடியது. உன் தடத்தைக் கடந்தும் மைனஸ் 2.2 மிஞ்சும். அதன் ரிசீவர் தாங்குவது பொதுவாக மைனஸ் 7 வரைதான். பிழைகள் கொட்டும், ரிசீவரே கெடலாம். காசு கொடுத்து ஒளி வாங்கி, அதைக் குறைக்க அட்டென்யுவேட்டரும் வாங்குவானேன்? சூடும் அதிகம், நெட்வொர்க் கார்டு சப்ளை செய்யும் ஒன்றரை வாட்டுக்கு மேல் கேட்பவையும் உண்டு.

இஆரையும் மேசைமேல் இரண்டு மீட்டர் பேட்ச் கார்டு போட்டுச் சோதிக்காதே. ரிசீவரின் எல்லை மைனஸ் 1. நடுவில் 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் வை.

கார்டுக்கும் பிடிவாதம் உண்டு. இன்டெல் எக்ஸ்520 கார்டு, மாட்யூலின் குறியீட்டைப் படித்து, தனக்கு அறிமுகமில்லாததை மறுத்துவிடும். லினக்ஸ் டிரைவரில் அதைத் தளர்த்த வழி இருக்கிறது. ஆனாலும் அந்தக் கார்டுக்கென்றே கோடிங் செய்ததைக் கேட்டு வாங்குவது நிம்மதி. இரு முனையிலும் ஒரே கம்பெனி மாட்யூல் தேவையில்லை, ஒரே வகை போதும். பச்சைக் கனெக்டரை நீலத்தோடு சேர்க்காதே. ஒளி வருகிறதா என்று முனையைக் கண்ணருகே பிடிக்கவும் கூடாது. இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

நான் போட்டது உத்தேசக் கணக்கு. ஆர்டர் கொடுக்குமுன் ஃபைபரைக் குத்தகைக்கு விட்டவரிடம் 1550-இல் இழப்பை அளந்து எடுத்த ஓடிடிஆர் அறிக்கையைக் கேள். இழப்பு 9 டெசிபெலைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுது, மறுபடி பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்